மூத்தாள் முகம் போட்ட காசு

எனக்குக் கல்யாணம் ஆன அன்று கழுத்தில் இரண்டு ஏறின. ஒன்று தாலி. மற்றது என் புருஷனின் முதல் பெண்சாதி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டாம் தாரமாக வருகிறவள், செத்துப்போன மூத்தாளுக்கென்று ஒரு குண்டோ காசோ தாலிக்கயிற்றில் கோத்துக்கொள்ள வேண்டும் என்பது என் புகுந்த வீட்டு வழக்கம். எனக்கு வாய்த்தது ஒரு வெள்ளிக் காசு. நாலணா அகலம்தான் இருக்கும், ஆனால் தடிமன் அதிகம். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் முகம், பக்கவாட்டில். பின்னலைச் சுற்றி உச்சந்தலையில் கொண்டை போட்டிருப்பாள். மூக்கு கத்தி மாதிரி இருக்கும். சுற்றிலும் நம்மவர் யாருக்கும் புரியாத எழுத்து. மறுபக்கம் ஒரு பெண் உடம்பெல்லாம் துணி சுற்றிக்கொண்டு நிற்பாள். அது பாதி தேய்ந்து போயிருந்தது.

அந்தக் காசை மண்ணிலிருந்து எடுத்தவளே மூத்தாள்தான். செஞ்சியிலிருந்து வல்லம் போகிற பக்கத்தில் எங்களுக்கு மல்லாட்டைக் காடு, வேர்க்கடலைதான். செடி பிடுங்கி முடித்த பிறகு மண்ணில் தங்கிய காய்களைப் பொறுக்கும்போது அவள் விரலில் இது தட்டியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தால் வெள்ளி! அதுவும் பெண் முகம். மகாலட்சுமியே வந்தாள் என்று செஞ்சி பத்தரிடம் கொடுத்து வளையம் பற்றவைத்துத் தாலியோடு போட்டுக்கொண்டாளாம். அடுத்த பிரசவத்தில் தாயும் போய்ப் பிள்ளையும் போய்விட்டது. மிஞ்சியது இரண்டு வயசுப் பெண் குழந்தையும் இந்தக் காசும்தான்.

புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தவளை எங்கள் பக்கத்தில் சும்மா விடமாட்டார்கள். அவள் பூவாடைக்காரி. வீட்டுத் தெய்வம். வருஷத்துக்கு ஒரு தரம் பம்பைக்காரரை வைத்துக் கிணற்றடியிலிருந்து அவளைக் கலசத்தில் அழைத்து வந்து, மஞ்சளில் நனைத்த புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள். அந்தப் புடவை ஒரு வருஷம் மூங்கில் பெட்டியில் இருக்கும். அடுத்த வருஷம் அவளுக்குப் புதுசு வரும்போது, பழசை எடுத்து வீட்டுப் பொம்பளை உடுத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டுப் பொம்பளை யார்? நான்தான்.

அப்போது அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நாலு வயசு. அந்த வயசு வரைக்கும் கல்யாணம் ஆகாததற்குக் காரணம் வறுமை பாதி, என் வாய் பாதி. ‘வாயி காது வரைக்கும் கீது, எவன் கட்டுவான்’ என்று ஊரே பேசியது. எட்டாவது வரை படித்த திமிர் வேறு. அப்படிப்பட்டவள், வந்த முதல் வருஷப் படையலில் அந்த மடிப்புக் கலையாத பழைய புடவையைக் கையில் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பேனா?

“இன்னா அத்தை இது, செத்தவளுக்குப் புதுசு, உசுரோட கீறவளுக்கு அவ உடுத்தினதா?” என்று மாமியாரிடம் கேட்டுவிட்டேன்.

பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். மாமியார் கோபப்படவில்லை. “அவ சாமிடி. சாமிகிட்ட போயி போட்டி போடுவியா? கட்டிக்க, போ” என்றார். அந்த அம்மாளிடம் எனக்கு எரிச்சல் வந்ததே இந்தப் பொறுமையால்தான். திருப்பித் திட்டினால் ஒரு கை பார்த்திருப்பேன்.

புடவையைக்கூட விட்டுவிடலாம். குழந்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் வந்தபோது அவளுக்கு நாலு வயசு. சப்பை மூக்கு, பெரிய கண். என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டாள். சின்னம்மா என்று கூப்பிடச் சொல்லி மாமியார் பழக்கிப் பார்த்தார், நடக்கவில்லை. பசித்தால் என் எதிரில் வந்து நிற்பாள். அவ்வளவுதான். தலை வாரிவிட்டால் வாரிக்கொள்வாள், சோறு போட்டால் தின்பாள், விருந்தாளி மாதிரி. ஆனால் நான் எப்போதாவது உட்கார்ந்தால் போதும், ஓடிவந்து என் மடியில் ஏறிக் கழுத்துக் காசைக் கையில் எடுத்துக்கொள்வாள். எடுத்துக்கொண்டு அதனிடம் பேசுவாள்.

“அம்மா, இன்னிக்கு ஆட்டுக்குட்டி என்ன முட்டிச்சி.”

“அம்மா, நைனா எனக்கு முறுக்கு வாங்கியாந்தாரு.”

என் நெஞ்சுக்கு நேரே உட்கார்ந்து, என்னைத் தவிர்த்து, என் கழுத்தில் தொங்குகிற ஒருத்தியை அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? ‘உங்கம்மா சாமியாப் போயி இந்தக் காசுல உக்காந்துகீறா’ என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தது மாமியார். மூத்தாளை யாரும் போட்டோ எடுத்ததில்லை. அந்தக் குழந்தைக்குத் தாய் முகம் என்று இருந்தது இந்தக் காசு ஒன்றுதான்.

ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “நெஜமாவே இந்தக் காசுல கீற மொகம் அவ மாதிரியா?”

அவர் பேச்சு குறைந்த மனுஷர். யோசித்து, “கொண்ட அப்பிடித்தான் போடுவா. மூக்கு அப்பிடி இல்ல. அவளுக்கு நம்ம பாப்பா மாதிரி சப்ப மூக்கு” என்றார். பிறகு, “அம்மா சொல்லிக்கினு இருக்குது, இருக்கட்டும்னு வுட்டுட்டேன். நீயும் வுட்டுடு” என்றார்.

விட்டேனா? இல்லை. எவளோ ஒருத்தியின் முகத்தை நான் சுமக்கிறேன், அந்த முகம் என் பிள்ளையை என்னிடம் வரவிடாமல் செய்கிறது என்று ஆத்திரம் இன்னும் ஏறிக்கொண்டது. ஆமாம், என் பிள்ளை என்றுதான் மனசில் சொல்லிக்கொள்வேன். வெளியில் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் போனது. ஆடிப் பதினெட்டில் தாலிக்கயிறு மாற்றினேன். பழைய கயிற்றிலிருந்து எல்லாவற்றையும் உருவிப் புதுசில் கோக்கும்போது காசை மட்டும் கோக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன். மாமியார் கேட்டதற்கு, “வளையம் தேஞ்சிபோச்சி அத்தை, செஞ்சிக்குப் போயி பத்தர்கிட்ட புதுசு வெச்சிக்கினு வரேன்” என்றேன். வளையம் நிஜமாகவே தேய்ந்துதான் இருந்தது. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொய்யைச் சுமந்து பஸ் ஏறினேன்.

என் திட்டம் வேறு. அந்தக் காசை உருக்கிக் குழந்தைக்குக் கொலுசில் சேர்த்துவிடுவது. கூடக் கொஞ்சம் வெள்ளி வேண்டுமென்றால் என் பிறந்த வீட்டு மெட்டி ஒரு ஜோடி இருந்தது. அவள் அம்மாவின் வெள்ளி அவள் காலிலேயே இருக்கட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அந்த முகம் ஒழிந்தால் சரி என்பதுதான் அடியில் இருந்த எண்ணம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை.

கால் அளவு எடுக்க வேண்டுமே என்று குழந்தையையும் கூட்டிப் போனேன். அவளுக்கு அப்போது ஆறு வயசு, ஒன்றாம் வகுப்பு.

செஞ்சி பஜாரில் பத்தர் கடை ஒரு ஆள் அகலம். அவர் குமுட்டி முன்னால் உட்கார்ந்து ஒரு மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குச் சொந்தக்காரர் பக்கத்து ஸ்டூலில் இருந்தார். வெளியூர்க் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவராம். கோட்டை பார்க்க வந்து, ராஜகிரிப் படியில் சறுக்கி, முட்டியும் கண்ணாடியும் உடைந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லாமல் உலகத்தையே கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் பாவம்.

“பத்தரே, இத உருக்கி இந்தப் பொண்ணுக்குக் கொலுசு அடிக்கணும்” என்று காசை நீட்டினேன்.

பத்தர் வாங்கிக் கல்லில் உரசிப் பார்த்தார். பிறகு திருப்பி வளையத்தைப் பார்த்தவர், “இது நான் பத்தவெச்ச வளையமாச்சே” என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு மூத்தாளைத் தெரியும். நான் யார் என்றும் புரிந்துவிட்டது.

“பூவாடைக்காரிக்கு வெச்ச காசும்மா இது. வூட்ல கேட்டியா?”

“என் கழுத்துல கீறது. நான் யாரக் கேக்கணும்? நீங்க உருக்குங்க.”

குழந்தை என் புடவையைப் பிடித்து இழுத்தது. “அம்மாவ இன்னா பண்ணப் போறாரு?” இதுவும் என்னைப் பார்த்துக் கேட்டது இல்லை, பத்தர் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டது.

“ஒனக்குக் கொலுசு பண்றாரு. கால்ல போட்டுக்கலாம்.”

அவள் தன் காலைப் பார்த்தாள். தெருப் புழுதி அப்பிய கால். “கால்லயா?” என்றாள். “மெதிபட்டா அம்மாவுக்கு வலிக்குமே.”

ஐயோ, தெய்வத்தைக் காலில் போட வந்திருக்கிறேனே! பொன்னைக் காலில் போடக்கூடாது என்பவர்கள் நாங்கள், பூவாடைக்காரியையே போடலாமா? இரண்டு வருஷமாக மனசில் புழுங்கிப் புழுங்கி, இவ்வளவு பெரிய தப்பு என் கண்ணுக்கே படவில்லை. ஆறு வயசுப் பிள்ளைக்குப் பட்டுவிட்டது. பத்தர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஸ்டூல்காரர் கை நீட்டினார். “நான் பார்க்கலாமா அதை?”

காசை வாங்கி மூக்கு நுனிக்கே கொண்டுபோய்விட்டார். முகர்ந்து பார்க்கிறாரோ என்று நினைத்தேன். அப்படியே திருப்பித் திருப்பிச் சுற்றியிருந்த எழுத்தை வாய்க்குள் முணுமுணுத்தார்.

“அம்மா, இதை எந்தக் காரணத்துக்காகவும் உருக்கிடாதீங்க. இது ரோமாபுரிக் காசு. ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல இருக்கும். அங்கேயிருந்து கப்பல்ல வந்து நம்ம மிளகும் துணியும் வாங்கிட்டுப் போனவங்க கொண்டுவந்தது. இந்தம்மா அந்த ஊர்ச் சக்கரவர்த்தியோட ராணி.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். “இன்னா சார் பேசறீங்க? எங்கூட்டு மூத்தாளப் போயி எவளோ ராணின்றீங்க! எங்க காட்டுல, அவ கையால எடுத்தது!”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. எங்கூட்டு மூத்தாள். அந்த வார்த்தையை அதுவரை நான் ஒருநாள்கூட அன்பாகச் சொன்னதில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இருங்கம்மா, கேளுங்க. இந்த ராணி, ராஜா இருக்கும்போதே செத்துப்போயிட்டா. ராஜாவுக்குத் தாங்கலை. அவளைத் தெய்வம்னு அறிவிச்சான், கோயில் கட்டினான், அவ முகத்தைப் போட்டுக் காசு அடிச்சான். இந்த எழுத்துல முதல் வார்த்தைக்கே தெய்வமானவள்னுதான் அர்த்தம்.”

பத்தர் தொடையில் தட்டினார். “அப்போ பூவாடைக்காரிதானே சார்! அந்த ஊர்லயும் கீறாங்களா?”

“அப்படித்தான் ஆகுது” என்று அவர் சிரித்தார்.

எனக்கு ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “அந்த ராஜா ரெண்டாவது கட்டினாரா?”

“கட்டலைன்னுதான் சொல்றாங்க.”

ஏன் கட்டவேண்டும்? அவருக்கு மல்லாட்டைக் காடா, தாயில்லாப் பிள்ளையா? அரண்மனை நிறைய ஆள் இருந்திருக்கும். என் வீட்டுக்காரருக்கு நான் வேண்டியிருந்தது. இப்படி நினைத்தபோது முதல்முறையாக எனக்கு அந்த வீட்டில் ஒரு இடம் இருப்பதுபோலப் பட்டது.

அப்போதுதான் குழந்தை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. காசை இல்லை, என்னை. இரண்டு வருஷத்தில் அப்படி நேராகப் பார்த்ததில்லை. பெரிய கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது.

“அப்போ இது அம்மா இல்லியா?”

நான் எத்தனை நாளாக ஏங்கியது இந்தக் கேள்விக்குத்தான்! இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படித்த மனுஷரே சாட்சி. அந்த முகம் ஒழிந்துவிடும், உருக்கவே வேண்டாம். பிறகு அவளுக்கு அம்மா என்று கூப்பிட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

என்னால் முடியவில்லை. ஒரு முகத்தைத்தான் அவள் வைத்திருந்தாள். அதைப் பிடுங்கிக்கொண்டு என் முகத்தை வைத்தால் அது ஒட்டுமா?

“அம்மாதான்டி” என்றேன். “அவருக்குக் கண்ணாடி ஒடஞ்சிபோச்சி இல்ல? கண்ணு தெரியாம எதையோ ஒளறிட்டாரு.”

கல்லூரிக்காரரை அவர் எதிரிலேயே உளறினார் என்றேன். மன்னிக்கமாட்டார் என்று நினைத்தேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பத்தர் பக்கம் திரும்பி, “என் கண்ணாடி ஆச்சா?” என்றார். வாங்கி மாட்டிக்கொண்டு, கையை நீட்டிக் காசைக் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அடடே! தப்பாச் சொல்லிட்டேனே! இது உன் மூக்கேதான்!”

கத்தி மூக்குக்கும் அந்தச் சப்பை மூக்குக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பத்தர் தலையைக் குனிந்துகொண்டு இருமினார். குழந்தை தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தது. அந்த மனுஷர் பையிலிருந்து காகிதம் எடுத்துக் காசின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். முகம் அப்படியே காகிதத்தில் வந்தது. தனக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. அவர் படித்ததற்கெல்லாம் விரோதமாக ஒரு பொய் சொல்லிவிட்டுத் தாங்கித் தாங்கி நடந்து போனார். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் நான் சாமி கும்பிடும்போது முட்டியில் அடிபட்ட ஒருவர் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பத்தர் புது வளையம் வைத்துக் கொடுத்தார். கூலியை வாங்கமாட்டேன் என்றுவிட்டார். “இங்கயே கோத்துக்கம்மா” என்று அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் கடையிலேயே கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் கூட்டம். ஒரு சீட்டு கிடைத்தது. நான் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொள்ளப் போனேன்.

“அம்மா, ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கறேன்.”

வழக்கம்போலக் காசிடம்தான் பேசுகிறாள் என்று கழுத்தைக் குனிந்து கொடுத்தேன். அவள் கை காசுக்கு வரவில்லை. என் தோளைத் தள்ளிக்கொண்டிருந்தது. “நவுரும்மா” என்றாள்.

நகர்ந்தேன். வீடு வந்து சேரும்வரை எதிர்ப் பக்கம் பார்க்கிற மாதிரி அழுதுகொண்டே வந்தேன். அதற்குப் பிறகு என் வயிற்றில் இரண்டு பேர் பிறந்தார்கள். ஆனால் என்னை முதலில் அம்மா என்று கூப்பிட்டவள் இவள்தான்.

அடுத்த வருஷப் படையலுக்கு மூத்தாள் புடவையை நானே போய் எடுத்து வந்தேன், அரக்கில் மஞ்சள் கரை போட்டது. பெட்டியிலிருந்த பழசை மாமியார் தயங்கித் தயங்கி நீட்டினார். வாங்கி உடனே கட்டிக்கொண்டேன். “இன்னாடி ஆச்சி ஒனக்கு?” என்றார். அக்கா புடவையைத் தங்கச்சி கட்டினால் என்ன ஆகிவிடும் என்றேன்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பெண்ணுக்குப் பதிமூன்று வயசில் பள்ளிக்கூடத்துப் பலகை தெரியவில்லை என்று திண்டிவனத்துக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கினோம். கிட்டப்பார்வை என்றார் டாக்டர். ஒரு சாயங்காலம் நான் விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி இல்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவள், என் கழுத்துக் காசை எடுத்து மூக்கு நுனியில் வைத்துக்கொண்டாள். அந்த மனுஷர் வைத்த மாதிரியே.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

“கண்ணாடி இல்லாமதான்மா கிட்ட கீறது நல்லாத் தெரியுது” என்றாள். “ஒவ்வொரு எழுத்தும் தெரியுது. அன்னிக்கு அந்த சாருக்கும் நல்லாத்தான் தெரிஞ்சிருக்கும்.”

என் கையிலிருந்த காய் நழுவியது. ஏழு வருஷத்துப் பொய், அதுவும் பிள்ளையிடம். “ஆமாண்டி, பொய்தான் சொன்னேன்” என்றேன். “ஒங்கம்மா மொகம் அது இல்ல. ஒன் மொகம்தான் அவ மொகம். ஒங்க நைனா சொன்னாரு.”

அவள் காசைக் கீழே விட்டுவிடுவாள் என்று பயந்தேன். விடவில்லை. என் முந்தானையால் துடைத்துப் பழையபடி என் தாலியின் பக்கத்தில் வைத்தாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள். “என் மூக்கு சப்பைன்னு எனக்குத் தெரியாதா? அவரு அப்பிடிச் சொன்னப்பவே தெரிஞ்சிபோச்சி. அம்மாவ எங்கிட்டயிருந்து புடுங்கக்கூடாதுன்னு நீ பொய் சொல்றேன்னு. அதனாலதான் பஸ்ல ஒன்ன அம்மான்னு கூப்ட்டேன்.”

என் வாய் காது வரைக்கும் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்குச் சிரித்ததில் அது நிஜமாகவே காது வரைக்கும் போனது. அவள் என் மடியிலிருந்த மல்லாட்டையில் பாதியைத் தன் பாவாடையில் அள்ளிக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள்.